ஒரு தொட்டிச் செடியின் நான்கு பெயர்கள்

நர்சரியில் வாங்கும் செடித்தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை செருகியிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்ததும் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். நான் எறிவதில்லை. ஒரு செடியைப் பற்றி அந்தச் செடியே சொல்லாத விஷயங்கள் அந்த அட்டையில் இருக்கும். எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் முன்பக்கம். பின்பக்கம், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், இதற்கு யார் சொந்தக்காரர், இதை வைத்து நீங்கள் என்ன செய்யக்கூடாது என்று இருக்கும்.

இந்தக் கட்டுரை அப்படி ஓர் அட்டையைப் பற்றியது. செடியின் வணிகப் பெயர் டைமண்ட் ஃப்ராஸ்ட். நம்ம ஊர்க் கள்ளியும் இதுவும் ஒரே பேரினம், யூஃபோர்பியா. ஆனால் பார்த்தால் கள்ளி என்று சொல்ல மாட்டீர்கள். ஒன்றரை அடிக்கு மேல் போகாத, நூல் மாதிரி மெல்லிய கிளைகள் கொண்ட சிறு புதர். செடி முழுக்கப் பொடிப்பொடியாய் வெள்ளை. பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு நடுவே ஜிப்சி என்று ஒரு வெள்ளைப்பூ வைப்பார்களே, தூரத்தில் இருந்து அதே தோற்றம். 2000களின் நடுவில் சந்தைக்கு வந்தது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடையில் வாசல் தொட்டிகளில், வெயில் விழும் பாத்தி ஓரங்களில், இதைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பது கஷ்டம்.

அட்டையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நான்காவது பெயர் அட்டையில் இல்லை, அது என் அம்மா சொன்னது. இந்த நான்கு பெயர்களுக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் செடியை வளர்ப்பது பற்றிக் கொஞ்சம்.

*

நான் இருக்கும் அமெரிக்க ஊரில் கடைசி உறைபனி மே மாதத்தில்தான் விடும். அன்னையர் தினம் முடியட்டும், அப்புறம் தொட்டியை வெளியே வை என்பது இங்கே உள்ளூர்ப் பஞ்சாங்கம். அதற்குப் பிறகு இந்தச் செடியைப் போல் தொந்தரவு தராத செடி இன்னொன்று இல்லை. தண்ணீர் தேங்காத மண், ஆறு மணி நேர வெயில், மேல்மண் காய்ந்த பிறகு ஒரு முறை தண்ணீர். அவ்வளவுதான். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிச் செத்துப்போகும். ஜூலை வெயிலில் பக்கத்துத் தொட்டி பெட்டூனியாக்கள் வாடி, காய்ந்த பூக்களைக் கிள்ளி எடுக்கச் சொல்லிக் கெஞ்சும்போது, இது பாட்டுக்குப் பூத்துக்கொண்டு இருக்கும். வாடிய பூவைக் கிள்ள வேண்டிய வேலையே இல்லை.

பூ என்று சொன்னேன், அதுகூட முழு உண்மை இல்லை. வெள்ளையாய்த் தெரிவது இதழ் கிடையாது. யூஃபோர்பியாக்களுக்கு ஒரு விசித்திரமான அமைப்பு. சின்னக் கிண்ணம் ஒன்று, அதன் நடுவே ஒரே ஒரு பெண்பூ, அதைச் சுற்றி ஒற்றை மகரந்தக் கம்பியாகவே சுருங்கிப்போன ஆண்பூக்கள், கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரப்பிகள். இந்தச் செடியில் அந்தச் சுரப்பிகளின் ஓரம் நீண்டு, வெள்ளையாகி, இதழ் போல் நடிக்கிறது. உண்மையான பூவைப் பார்க்க வேண்டுமென்றால் லென்ஸ் வேண்டும்.

கிளையைக் கிள்ளினால் பால் வரும். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் பட்டால் விஷயம் பெரிதாகிவிடும், அதனால் தொட்ட கையைக் கழுவாமல் முகத்தில் வைக்கக்கூடாது. அக்டோபர் நடுவில் முதல் உறைபனி விழும் இரவோடு செடியின் கதை முடிந்தது. காலையில் பார்த்தால் வெந்த கீரை மாதிரி தொங்கும். பெயரிலேயே உறைபனியை வைத்திருக்கும் செடி உறைபனியைத் தாங்காது. வெப்பமண்டலத்துப் பிள்ளை அது. காப்பாற்ற நினைத்தால் செப்டம்பரிலேயே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்து, மே மாதம் வரை ஓட்ட வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. நாலு நுனிக்கிளையை வெட்டி, வடியும் பாலைத் தண்ணீரில் அலசிவிட்டு, ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும்.

அந்த இன்னொரு வழியைத்தான் அட்டை தடுக்கிறது. காப்புரிமை பெற்ற செடி, அனுமதியின்றிப் பெருக்கத் தடை என்கிறது பின்பக்கத்துப் பொடி எழுத்து.

*

முதலில் லத்தீன் பெயர். அதன் முன்பாதி, யூஃபோர்பியா, ஒரு மருத்துவரின் பெயர்.

கி.மு. 46ல் ரோம் நகரத்தில் ஜூலியஸ் சீசரின் வெற்றி ஊர்வலம் நடந்தது. தோற்ற நாடுகளின் சொத்துகளோடு கைதிகளையும் நடத்திப் போவது வழக்கம். அந்த ஊர்வலத்தில் வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவைச் சேர்ந்த ஒரு குழந்தையும் இருந்தது. அப்பா, முதலாம் ஜூபா, சீசரிடம் தோற்று இறந்துபோன அரசர். அந்தக் குழந்தை ரோமிலேயே வளர்ந்தது, கிரேக்கமும் லத்தீனும் படித்தது, பெரிய அறிஞனானது. பிறகு கி.மு. 25ல் அகஸ்டஸ் அவனை மௌரிடானியாவுக்கு அரசனாக்கி அனுப்பினார். இன்றைய மொராக்கோவும் அல்ஜீரியாவும் இருக்கும் பகுதி அது. மனைவி, கிளியோபாட்ராவின் மகள் செலீனி.

இந்த இரண்டாம் ஜூபா அட்லஸ் மலையில் பால் வடியும் செடி ஒன்றைப் பற்றி அறிந்து, அதன் மருத்துவக் குணம் குறித்துத் தனியாக ஒரு நூலே எழுதினார் என்று பிளினி குறிப்பிடுகிறார். செடிக்குத் தன் அரண்மனை மருத்துவர் யூஃபோர்பஸின் பெயரை வைத்தார். யூஃபோர்பஸின் அண்ணன் தம்பி உறவில் அந்தோனியஸ் மூசா என்று ஒருவர் இருந்தார், அவர் அகஸ்டஸின் மருத்துவர். அரசருக்கு ஒரு சகோதரர், பேரரசருக்கு இன்னொரு சகோதரர். மரியாதை செய்ய வேண்டிய குடும்பம்தான்!

ஆனால் பிளினியில் என் கவனத்தைப் பிடித்தது வேறு ஒரு செய்தி. அந்தப் பாலை எப்படி எடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கிட்டே போகாமல் நீண்ட கம்பால் தண்டைக் குத்தி, கீழே ஆட்டுக்குட்டியின் இரைப்பையால் ஆன பையை வைத்துப் பிடிப்பார்களாம். யோசித்துப் பாருங்கள். கிட்டே போனால் ஆபத்து, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எதில் பிடித்தால் தாங்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அறிவு. அட்லஸ் மலைக்காரர்களுக்கு அந்தச் செடியை ஜூபாவுக்கு முன்பே தெரியும். அவர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்திருப்பார்கள். வரலாற்றில் நின்றதோ அரண்மனை மருத்துவரின் பெயர். 1753ல் லின்னேயஸ் அந்தப் பெயரை ஒரு பேரினம் முழுவதற்கும் சூட்டினார். இன்று ஏறத்தாழ 2000 இனங்கள், நம்ம ஊர்ச் சதுரக்கள்ளி உட்பட, யூஃபோர்பஸின் பெயரைச் சுமக்கின்றன.

லின்னேயஸ் எல்லா இடத்திலும் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளிக்கு அவர் வைத்த பெயர் யூஃபோர்பியா திருக்கள்ளி. மலபார்ச் செடிகளைப் பற்றி டச்சு ஆளுநர் வான் ரீட் 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலில் உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயர் பதிவாகியிருந்தது. யாரோ எழுதி வைத்ததால் அந்தப் பெயர் பிழைத்தது. முன்பாதி ரோமானிய மருத்துவர், பின்பாதி நம்ம ஊர் வேலி. இந்தப் பேரினத்தில் இப்படி ஒரு கூட்டணி அபூர்வம்.

லத்தீன் பெயரின் பின்பாதிக்கு வந்தால் டைமண்ட் ஃப்ராஸ்ட் விஷயத்தில் குழப்பம். சில நர்சரிகள் ஹைபெரிசிஃபோலியா என்று எழுதுகின்றன. லின்னேயஸ் 1753ல் வைத்த பெயர் அது. வேறு சில இடங்களில் கிராமினியா என்று இருக்கும். புனித ரோமப் பேரரசரின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்துக்காக 1750களில் கரீபியன் கரையெல்லாம் சுற்றிச் செடி சேகரித்த யாக்கின் 1763ல் வைத்த பெயர். இன்னும் சிலர் இரண்டும் வேண்டாமென்று ‘கலப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவின் சாலையோரச் செடிகள், பல நாடுகளில் களை என்று பட்டியலிடப்பட்டவை. ஆக, இந்தச் செடி எந்த இனம் என்பதில் கடைக்காரர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இது யாருடையது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

*

அது எப்படி வந்தது என்று பார்க்க, இதன் புகழ்பெற்ற அக்காவிடம் போக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பாக விற்கும் பாயின்செட்டியாவும் ஒரு யூஃபோர்பியாதான். மெக்சிகோவின் நவாட்ல் மொழியில் அதன் பெயர் குவெட்லஷோச்சித்ல். ஆஸ்டெக் மக்கள் அதைச் சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்படுத்தினார்கள். ஸ்பானியர் வந்த பிறகு கிறிஸ்துமஸ் இரவின் பூ என்ற பொருளில் ‘நோச்சேபுவேனா’ ஆனது. மெக்சிகோவில் இன்றும் அதுதான் பெயர்.

1825ல் மெக்சிகோவுக்கு அமெரிக்காவின் முதல் தூதராக ஜோயல் பாயின்செட் வந்தார். செடிப் பிரியர். இந்தச் செடி அவர் மூலமாக அமெரிக்காவுக்குப் போனது. 1829ல் பிலடெல்பியாவில் நடந்த மலர்க் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. அதே 1829ல், உள்நாட்டு அரசியலில் ஓயாமல் தலையிடுகிறார் என்ற கோபத்தில், இவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்சிகோ அரசு அமெரிக்காவைக் கேட்டது. மெக்சிகோவில் அவர் பெயரிலிருந்து ‘பாயின்செட்டிஸ்மோ’ என்று ஒரு சொல்லே பிறந்தது. அதிகாரத் திமிரோடு மூக்கை நுழைப்பது என்று பொருள். அதாவது ஒரே மனிதரின் பெயர் எல்லைக்கு வடக்கே ஒரு பூவாகவும் தெற்கே ஒரு வசையாகவும் ஆனது. வடக்கே பணம் இருந்தது, அதனால் உலகச் சந்தையில் பூ ஜெயித்தது. பூர்வகுடிகளை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டிய 1838ன் கண்ணீர்ப் பயணம் நடந்தபோது அமெரிக்காவின் போர் அமைச்சராக இருந்தவரும் இதே பாயின்செட்தான். அதனால் இந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லும் குரல்கள் அண்மைக் காலத்தில் அமெரிக்காவிலேயே கேட்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் செடியைத் தொட்டிக்குள் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவின் எக்கே குடும்பம். இயற்கையில் இது ஒல்லியாய், உயரமாய் வளரும் புதர். எக்கே குடும்பம் விற்ற செடிகள் மட்டும் குட்டையாய், அடர்த்தியாய், பல கிளைகளோடு இருந்தன. போட்டியாளர்கள் எவ்வளவு முயன்றும் அந்த உருவம் வரவில்லை. ஒட்டுக்கட்டுவதில் இருந்த குடும்ப ரகசியம் அது. பல பத்தாண்டுகள் சந்தை அவர்கள் கையில் இருந்தது. கடைசியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் அந்த முறையைக் கண்டுபிடித்து வெளியிட்டதோடு ரகசியம் உடைந்தது. 1997ல் விஞ்ஞானிகள் அதன் காரணத்தையும் சொன்னார்கள். ஒட்டுக்கட்டும்போது ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் கிளைகளைப் பெருக்குகிறது. ஒரு சாம்ராஜ்யத்தையே தாங்கி நின்றது ஒரு தொற்று.

ரகசியம் ஒருநாள் உடையும். சட்டம் அப்படி உடையாது. செடி வியாபாரிகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

*

1914ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலையில் ஓர் ஆப்பிள் மரம் 5000 டாலருக்கு விலைபோனது. ஒரே ஒரு மரம். கோல்டன் டெலிஷியஸ் என்று இன்று நாம் சாப்பிடும் மஞ்சள் ஆப்பிளின் தாய்மரம் அது. வாங்கியவர்கள் ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற நர்சரி. வாங்கிய கையோடு மரத்தைச் சுற்றி ஒரு கூண்டு கட்டி, பூட்டுப் போட்டு, திருட்டு மணியும் வைத்தார்கள். பழத்தைத் திருடுவார்கள் என்ற பயம் இல்லை. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனால் போதுமே, ஒட்டுக்கட்டி ஆயிரம் மரம் ஆக்கிவிடலாம்!

கூண்டு எத்தனை நாளைக்கு? முதல் கன்றை விற்ற நாளிலேயே அதை வாங்கியவர் கையிலும் கிளை வந்துவிடுகிறது. அதே ஸ்டார்க் குடும்பம் முன்னின்று வாதாட, எடிசன் போன்றவர்கள் ஆதரிக்க, 1930ல் அமெரிக்கா தாவரக் காப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இரும்புக் கூண்டுக்குப் பதில் காகிதக் கூண்டு. 1931 ஆகஸ்டில் முதல் காப்புரிமை ‘நியூ டான்’ என்ற கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது. அது யாரும் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கியது அல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு ரோஜா தானாகவே மாறி, ஒரு முறைக்குப் பதில் கோடை முழுக்கப் பூத்தது. நியூ ஜெர்சித் தோட்டக்காரர் ஒருவர் அதைக் கவனித்தார். செடி கண்டுபிடித்தது, மனிதன் கவனித்தான், சட்டம் கவனித்தவனுக்குக் கொடுத்தது. கவனிப்பதும் ஒரு வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆயிரம் நாற்றுகளில் வித்தியாசமான ஒன்றைக் கண்டு, அதை ஊர் ஊராகச் சோதித்து, நோய் இல்லாமல் பெருக்கிக் கடைக்குக் கொண்டுவருவதற்குக் காசும் காலமும் ஆகும். அந்த உழைப்பு இல்லையென்றால் என் வாசலில் டைமண்ட் ஃப்ராஸ்ட் இருக்காது.

இருந்தாலும் அந்தச் சட்டத்தின் இரண்டு விதிவிலக்குகளைப் படித்தால் சிரிப்பும் வரும், யோசனையும் வரும். ஒன்று, பயிரிடப்படாத நிலத்தில் கண்டெடுத்த செடிக்குக் காப்புரிமை கிடையாது. வேலிக்கு வெளியே நின்றால் அது எல்லோருக்குமானது, வேலிக்குள் முளைத்தால் சொத்து. செடிக்கு வேலி தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். இரண்டு, கிழங்கு வழியாகப் பெருகும் பயிருக்குக் கிடையாது. உருளைக்கிழங்கை மனதில் வைத்துச் சேர்த்தது. தின்கிற பாகமும் நடுகிற பாகமும் ஒன்றாக இருக்கும்போது, சோற்றுக்கே காப்புரிமை கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்ற தயக்கம் அன்று இருந்தது.

பிறகு வந்த சட்டங்களில் அந்தத் தயக்கம் போய்விட்டது. 2019ல் குஜராத்தில், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ நிறுவனம் விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. சிலரிடம் தலா 1 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மே மாதமே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. விவசாயிகள் பக்கம் நின்றவர்கள் கையில் எடுத்தது இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம். பயிர் ரகங்களைப் பாதுகாக்கும் அதே சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. ஒரே நிபந்தனை, வணிகப் பெயர் போட்டு விற்கக்கூடாது. விதையை எடுத்துக்கொள், பெயரை எடுக்காதே. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் இன்னொரு விதம். வணிக நோக்கமில்லாமல், சொந்த உபயோகத்துக்காகச் செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. அதனால் ஜெர்மனியில் ஒரு பாட்டி தன் தொட்டியிலிருந்து ஒரு கிளையை வெட்டித் தன் இன்னொரு தொட்டியில் ஊன்றலாம். அமெரிக்காவில் அதே பாட்டி அதே செடியில் அதைச் செய்தால், எழுத்தளவில், சட்ட மீறல். அதற்காக யாரும் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அட்டையில் தடை இருக்கிறது.

*

நான்காவது பெயருக்கு வருகிறேன். ஒரு நாள் வீடியோ காலில் அம்மாவுக்குத் தொட்டிகளைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அம்மா திருநெல்வேலிப் பக்கம். செடி விஷயத்தில் அவளுக்குக் கண் கூர்மை.

“அத இன்னுங் கொஞ்சம் கிட்ட காட்டு” என்றாள். காட்டினேன். ஒரு கிளையைக் கிள்ளச் சொன்னாள். பால் வந்தது.

“ஏலே, இது நம்ம அம்மான் பச்சரிசி சாதில்லா? இதுக்கா ஒம்போது டாலர் குடுத்த?”

“எம்மா, இது வேற. இதுக்குக் காப்புரிமை எல்லாம் இருக்கு.”

“என்ன எழவோ. ஒரு கொப்ப ஒடிச்சி பக்கத்துல ஊனி வையி, அது பாட்டுக்கு வரும்.”

“ஒடிக்கக் கூடாதாம்மா.”

“யாரு சொன்னா?”

அந்தக் கேள்விக்கு 1930லிருந்து ஆரம்பித்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அம்மாவின் தெருவில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் ஒரு வீட்டில் கூடக் காசுக்கு வந்ததில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கை நீளும், கொப்பு கைமாறும். கேட்டு வாங்கினால் வராது, திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும் என்று ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறோம். கூண்டும் திருட்டு மணியும் வைத்த ஊருக்கும் திருட்டையே நடவுமுறை ஆக்கிய ஊருக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் என்ன விளக்கம் கொடுப்பது?

ஆனால் அம்மா சொன்ன உறவு சரி. அம்மான் பச்சரிசி யூஃபோர்பியா ஹிர்ட்டா. சிமெண்ட் வெடிப்பில், ரயில்வே பிளாட்பார ஓரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு நொய்யரிசி உருண்டை மாதிரிப் பூத்திருக்குமே, அதேதான். கிள்ளினால் பால். அந்தப் பாலை மருவில் வைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சமைத்துக் கொடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் இடம் உண்டு. பிலிப்பைன்ஸில் தவா-தவா என்ற பெயரில் டெங்குவுக்குக் காய்ச்சிக் குடிப்பார்கள். இவை எல்லாம் மக்கள் வழக்கம், நான் யாருக்கும் மருந்து சொல்லவில்லை. இதே பேரினத்தின் பால்தான் கள்ளிப்பால் என்ற பெயரில் நம் ஊரில் பெண்சிசுக்களின் வாயில் விடப்பட்டது. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அந்தக் கொடுமை இருந்தது. ஒரு செடியைத் தாய்க்கு ஊட்டியதும் அதன் உறவுச் செடியைப் பிள்ளைக்கு ஊட்டியதும் ஒரே சமூகம்தான் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது விசித்திரத்தைக் கேளுங்கள். அம்மான் பச்சரிசியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். மிளகாய், முந்திரி, பப்பாளி எல்லாம் வந்த அதே கடல்வழியில், கொலம்பஸுக்குப் பிந்தைய காலத்தில் உலகம் முழுக்கப் பரவியது. மிளகாயை வேண்டுமென்று கொண்டுவந்தார்கள். இதற்கு அழைப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது, மூட்டையில் ஒட்டிய மண் போதும். டைமண்ட் ஃப்ராஸ்ட்டும் அம்மான் பச்சரிசியும் ஒரே வெப்பமண்டல அமெரிக்க மண்ணில் வேர் உள்ள உறவுக்காரர்கள். ஒன்று ஐரோப்பியப் பசுமைக்குடில்கள் வழியாகப் போய்க் காப்புரிமையோடு திரும்பியது. இன்னொன்று கப்பலில் வந்து, நம் மண்ணில் இறங்கி, யாரும் அழைக்காமலேயே ஒரு முறைப்பெயரைப் பெற்றுக்கொண்டது.

அம்மான் என்றால் மாமன். எந்த மாமன்? யாருடைய மாமன்? யூஃபோர்பஸ் யார் என்று சொல்ல பிளினி இருக்கிறார். பாயின்செட் யார் என்று சொல்ல இரண்டு நாட்டு ஆவணங்கள் இருக்கின்றன. இந்த மாமனுக்கு ஒரு வரி கூட இல்லை. இருந்தாலும் நான் படித்த செடிப் பெயர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு தெரியாத செடி ஊருக்குள் வந்ததும், அதை யாரோ ஒருவர் அரிசியாகவும் உறவாகவும் பார்த்திருக்கிறார். பெயர் வைத்தார், விட்டுவிட்டார். பதிவு செய்யவில்லை.

*

அட்டையில் இன்னொரு பெயர் மிச்சம் இருக்கிறது, யாரும் படிக்காத பெயர். அமெரிக்காவில் இந்த ரகத்தின் பதிவுப் பெயர் ‘இன்யூஃப்டியா’. நாக்கில் நிற்காத, அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம். டைமண்ட் ஃப்ராஸ்ட் என்று அழகான பெயர் இருக்கும்போது இது எதற்கு?

இங்கேதான் அந்தக் காகிதக் கூண்டின் நுட்பம் இருக்கிறது. ஒரு செடியைப் பதிவு செய்யும்போது அதற்குப் பொதுப்பெயர் ஒன்று கொடுத்தாக வேண்டும். காப்புரிமை முடிந்தாலும் அந்தப் பெயர் எல்லோருக்கும் சொந்தம். டைமண்ட் ஃப்ராஸ்ட் அந்தப் பொதுப்பெயர் அல்ல, அது வணிக முத்திரை. அமெரிக்காவில் தாவரக் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். அதற்குப் பிறகு செடி பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் கிளை வெட்டலாம், ஊன்றலாம், விற்கலாம். வணிக முத்திரைக்கோ அப்படி முடிவு தேதி கிடையாது. புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதனால்தான் நிறுவனங்கள் நல்ல பெயரைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத பெயரைப் பதிவேட்டுக்குக் கொடுக்கின்றன. காலம் முடிந்து செடி எல்லோர் கைக்கும் வரும்போது அதை இன்யூஃப்டியா என்று சொல்லித்தான் விற்க முடியும். அந்தப் பெயரைக் கேட்டு யார் வாங்குவார்கள்?

2000களின் நடுவில் பதிவான செடிகளுக்கு அந்த 20 வருடம் இப்போதுதான் முடிந்துகொண்டு இருக்கிறது. ஜூபாவின் காலத்திலிருந்து இந்தப் பேரினத்தில் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான். செடியை யாராலும் ரொம்ப நாள் பிடித்துவைக்க முடியவில்லை. பாலைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் மறைந்தாலும், ரகசியம் உடைந்தாலும், காப்புரிமை முடிந்தாலும், சூட்டியவர்களின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விதையை எடுத்துக்கொள், பெயரை எடுக்காதே என்ற நம் சட்டத்தின் வரி விவசாயிக்குக் கொடுத்தது பெரிய உரிமை. அதே வரி எது கடைசி வரை சொத்தாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டது.

அம்மாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். பெயர்தானே அவர்களுக்குச் சொந்தம், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். கூப்பிட அவளிடம் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு அட்டை தேவையில்லை.